25 பிள்ளைகள், 9 பால்சாத் தகடுகள்: மர விமானப் பட்டறைக்கு ஒரு வடிவம்

கொருக்குப்பேட்டையில் மாலை நேரப் படிப்பகம் நடத்தும் ஆசிரியை ஒருவரின் கேள்வி இது: “10 முதல் 13 வயது வரை 25 பிள்ளைகள். இரண்டரை மணி நேரம். மரத்தில் விமானம் செய்து, அன்றைக்கே பறக்கவிட வேண்டும். போன முறை விலைக்கு வாங்கிய ஒட்டுப்பலகைத் தொகுப்புகளில் ஒன்றுகூடப் பறக்கவில்லை. பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நாங்களே வெட்டிக்கொள்ளும்படி எளிய வடிவம் ஒன்று சொல்லுங்கள். எங்கே தவறினோம் என்றும் சொல்லுங்கள்.”

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். தவறு உங்கள் கையில் இல்லை, அம்மா. நீங்கள் அனுப்பிய படத்தில் இருப்பது அலமாரியில் வைப்பதற்கான விமானம். 3 மி.மீ. ஒட்டுப்பலகையில் பதினான்கு துண்டுகள், துண்டுக்குத் துண்டு பள்ளம், சன்னல்கள்கூட வெட்டியிருக்கிறார்கள். பார்க்க அழகுதான். ஆனால் அந்த ஒட்டுப்பலகையில் 30 செ.மீ. நீளமும் 6 செ.மீ. அகலமும் உள்ள ஓர் இறக்கையை வெட்டி எடைபோட்டுப் பாருங்கள், 30 கிராமுக்கு மேல் நிற்கும். அதே இறக்கை, பால்சா என்ற மிக லேசான மரத்தின் 2 மி.மீ. தகட்டில் 6 கிராம். பறக்கும் பொருளில் எடை இரண்டு மடங்கானால், அது மிதக்கத் தேவையான வேகம் 1.4 மடங்காகும். தரையில் மோதும் ஆற்றலோ நான்கு மடங்காகும். கனமான விமானம் வேகமாகப் பறந்தாக வேண்டும். வேகமாகப் பறப்பது வேகமாகவே உடையும். பிள்ளை எறிகிற வேகத்தில் அது பறக்கவே பறக்காது.

நான் வடசென்னையில் ஒரு வார்ப்படச் சாலையில் பேட்டர்ன் தச்சனாக இருந்தவன். இரும்பை உருக்கி ஊற்றுவதற்கு முன் அதே உருவத்தை மரத்தில் செய்துகொடுப்பது எங்கள் வேலை. வார்ப்பிரும்பு ஆறும்போது மீட்டருக்கு ஏறக்குறைய 10 மி.மீ. சுருங்கும். ஆகவே நாங்கள் செய்கிற மர உருவம் அந்த அளவுக்குப் பெரிதாக இருக்க வேண்டும். பின்னால் நேரப்போவதை முன்னாலேயே கணக்கில் எடுப்பதுதான் அந்தத் தொழிலின் சாரம். ஓய்வு பெற்றபின் பிள்ளைகளுக்கு விமானப் பட்டறை நடத்தத் தொடங்கியபோது அந்தப் பாடத்தை மறந்துவிட்டேன். முதல் இரண்டு பட்டறைகளில் நல்ல விமானமாகப் பார்த்து வரைந்தேன். நான் செய்தது பறந்தது, பிள்ளைகள் செய்தது பறக்கவில்லை. மூன்றாவது முறைதான் உறைத்தது: வரைய வேண்டியது விமானத்தை மட்டுமல்ல, பிள்ளை எங்கெங்கே தப்புச் செய்யும் என்பதையும் சேர்த்துத்தான். பசையை அள்ளிப் பூசும். வாலைக் கோணலாக ஒட்டும். பந்தை எறிவதைப்போல ஓங்கி எறியும். இவை மூன்றும் நடக்கும், நடந்தே தீரும் என்று வைத்துக்கொண்டு வரைந்த வடிவத்தைத்தான் கீழே சொல்கிறேன். இதில் பிள்ளை சரிசெய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: இறக்கை குச்சியின்மேல் முன்னும் பின்னும் நகரும். மற்றவற்றை எல்லாம் நீங்கள் செய்துவைக்கும் அச்சே பார்த்துக்கொள்ளும்.

முதலில் மரம். பால்சாத் தகடு பெரும்பாலும் 1 மீட்டர் நீளமும் 10 செ.மீ. அகலமுமாகக் கிடைக்கிறது. 2 மி.மீ. தடிமன் வாங்குங்கள். கடையில் ஒரு காரியம் செய்யுங்கள்: ஒவ்வொரு தகட்டையும் தனித்தனியாக எடைபோடுங்கள். நகைக்கடைக்காரர்கள் வைத்திருப்பது போன்ற சிறிய மின்தராசு போதும். பால்சா ஒரே மரம்தான் என்றாலும் அடர்த்தி கன மீட்டருக்கு 100 கிலோவிலிருந்து 200 கிலோவுக்கு மேலும் போகும். அதாவது பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும் இரண்டு தகடுகளில் ஒன்று 20 கிராமும் இன்னொன்று 40 கிராமும் இருக்கலாம். 35 கிராமுக்கு மேலுள்ளதைத் தள்ளிவிடுங்கள். கடைக்காரர் முறைக்கத்தான் செய்வார். நான் பார்த்த வரையில் இரண்டாவது முறை போகும்போது அவரே எடைபோட்டுக் கொடுப்பார்.

இனி வெட்டுக் கணக்கு. 10 செ.மீ. அகலத்தை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்தால் ஒரு பக்கம் 6 செ.மீ., மறுபக்கம் 4 செ.மீ. 6 செ.மீ. பட்டையை 15 செ.மீ. துண்டுகளாக வெட்டினால் ஆறு கிடைக்கும். மூன்று விமானங்களுக்கு இறக்கை ஆயிற்று. 4 செ.மீ. பட்டையில் 12 செ.மீ. துண்டு படுக்கையாக ஒட்டும் கிடைவால், 4 செ.மீ. துண்டு செங்குத்தாக நிற்கும் நிமிர்வால். மூன்று விமானங்களுக்குப் போக இந்தப் பட்டையில் பாதி மிஞ்சும். அது உதிரி, உடைகிற வாலுக்கு உதவும். ஆக 25 பிள்ளைகளுக்கு 9 தகடுகள் போதும். இரண்டு விமானங்கள் உங்கள் செய்முறைக்கு மிஞ்சும். இறக்கை ஏன் 6 செ.மீ. அகலம் என்று விமானவியல் படித்தவர் யாராவது கேட்டால், தகடு 10 செ.மீ. என்பதால்தான் என்று தயங்காமல் சொல்லுங்கள். அப்படியும் அளவுகள் விகிதத்துக்குள்தான் அடங்குகின்றன. இறக்கைப் பரப்பு 180 சதுர செ.மீ., கிடைவால் 48, அதாவது கால் பங்குக்குச் சற்று மேல். நிமிர்வால் 16, பதினொன்றில் ஒரு பங்கு. இயந்திரமில்லாமல் மிதந்து இறங்கும் சிறு விமானத்துக்கு இந்தப் பங்கு தாராளம். தாராளமான வால், கோணல்மாணலாகச் செய்த விமானத்தையும் நேராக இழுத்துப் பிடிக்கும்.

வெட்டும்போது நார் ஓடும் திசையை மட்டும் விட்டுவிடாதீர்கள். இறக்கையில் நார் நுனிக்கு நுனி ஓட வேண்டும். மேலே சொன்ன வெட்டில் அது தானாகவே அமையும். நிமிர்வாலில் நார் நின்றவாக்கில் இருக்க வேண்டும். குறுக்கு நாரில் வெட்டிய பால்சா பிஸ்கட்டைப்போல உடையும். நிமிர்வால் சதுரம் என்பதால் எந்தப் பக்கம் ஒட்டினாலும் கண்ணுக்கு ஒன்றாகவே தெரியும். அதனால் வெட்டும்போதே ஒவ்வொன்றிலும் பென்சிலால் மேல்நோக்கி ஓர் அம்பு போட்டுவிடுகிறேன்.

உடலுக்குப் பால்சா வேண்டாம், பைன் மரம். 5 மி.மீ. சதுரம், 30 செ.மீ. நீளம். பைன் பால்சாவைப்போல மூன்று மடங்கு கனம், ஆனால் மூக்கு தரையில் குத்தும்போது தாங்குவது அதுதான். வால்டாக்ஸ் சாலையில் ஏதாவது ஒரு மரக்கடையில் பைன் சட்டம் வாங்கி, அங்கேயே ரம்பத்தில் கீறி வாங்கிக்கொள்ளலாம். துறைமுகத்துக்கு வருகிற சரக்குப் பெட்டிகளைப் பிரித்து விற்பவர்களிடமும் பைன் பலகை கிடைக்கும். ஆணித் துளை இல்லாத பகுதியாகப் பாருங்கள். கண்ணுக்கு நேரே பிடித்து, ஒரு கண்ணை மூடி நூல் பார்த்து, வளைந்ததை ஒதுக்குங்கள். 25 பேருக்கு 35 குச்சிகள் வெட்டிவையுங்கள். உடைவது பெரும்பாலும் குச்சிதான், அதுதான் மலிவும்.

இறக்கையைக் குச்சியில் ஒட்டவே கூடாது. இந்த வடிவத்தின் உயிர் இதில்தான் இருக்கிறது என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஐஸ்கிரீம் குச்சியை 7 செ.மீ. நீளத்துக்கு இரண்டு துண்டுகள் வெட்டி, இறக்கையின் அடியில், நடுக்கோட்டுக்கு இருபுறமும் விளிம்பு நிற்கும்படி ஒட்ட வேண்டும். இடைவெளி குச்சியின் அகலம், 5 மி.மீ. குதிரைமேல் சேணம் உட்கார்வதைப்போல இது உடல் குச்சியின்மேல் உட்காரும். இறக்கை 6 செ.மீ., சேணம் 7 செ.மீ., ஆகவே முன்னாலும் பின்னாலும் அரை செ.மீ. நீட்டிக்கொண்டிருக்கும். அந்த இரண்டு நீட்டல்களிலும் குச்சியைச் சேர்த்து ஆளுக்கொரு ரப்பர் பேண்டைச் சுற்றிவிட்டால் வேலை முடிந்தது. இதில் இரண்டு லாபம். ஒன்று, இறக்கையை விரலால் தள்ளி நகர்த்தலாம். இன்னொன்று, விமானம் சுவரில் மோதினால் இறக்கை உடையாமல் நழுவிக்கொள்ளும். வீட்டு மின்பெட்டியில் ஃபியூஸ் செய்கிற வேலையை இங்கே ரப்பர் பேண்ட் செய்கிறது.

சேணத்தின் முன்பக்க உட்புறத்தில் அரை நூல் தடிமனுக்கு ஒரு சில்லு ஒட்டுங்கள். தச்சர் கணக்கில் எட்டு நூல் ஓர் அங்குலம். அரை நூல் என்றால் ஒன்றரை மி.மீ. இறக்கையின் முன்விளிம்பு அந்த அளவுக்குத் தூக்கி நிற்கும். 6 செ.மீ. அகலத்தில் இது ஒன்றரை டிகிரிக்குச் சற்றுக் குறைவு. கிடைவாலைக் குச்சியின்மேல் அப்படியே படுக்க ஒட்ட வேண்டும், ஒரு மயிரிழைகூடத் தூக்கக் கூடாது. இறக்கைக்கும் வாலுக்கும் உள்ள இந்தச் சின்னக் கோண வேறுபாடுதான், மூக்கு கவிழும்போது விமானம் தானாகவே நிமிரக் காரணம். சில்லைப் பிள்ளைகளிடம் விடாதீர்கள். முந்தின நாளே ஒட்டிவையுங்கள். ஒரு முறை விட்டுப் பார்த்தேன், பாதிப் பேர் பின்பக்கம் ஒட்டியிருந்தார்கள்.

அடுத்தது இறக்கை மடிப்பு. முன்னாலிருந்து பார்த்தால் இறக்கை மிக அகன்ற ‘வி’ வடிவில் இருக்க வேண்டும், ஒவ்வொரு பக்கமும் 10 டிகிரி. விமானம் ஒரு பக்கம் சாய்ந்தால் இந்த மடிப்புதான் அதை நிமிர்த்தும். ஓட்டுநர் இல்லாத விமானத்துக்கு வேறு கதி கிடையாது. ஆனால் பட்டறையில் அதிகம் சொதப்புகிற இடமும் இதுதான். இரண்டு பாதிகளின் ஓரத்தையும் சாய்வாகத் தேய்த்து, சமமாகத் தூக்கி, காயும்வரை பிடித்துக்கொண்டிருக்கச் சொன்னால் பெரியவர்களாலேயே முடியாது. அதனால் ஒரு மரக் கட்டையை 5 செ.மீ. உயரத்துக்கு வெட்டுங்கள், மேசைக்கு ஒன்று. இறக்கையின் ஒரு பாதியை மேசையில் படுக்கவைத்துக் கனமான நோட்டுப் புத்தகத்தை ஏற்றுங்கள். மறுபாதியின் நுனியைக் கட்டையின்மேல் வையுங்கள். நடுவில் பசை. அவ்வளவுதான், கோணம் தானாக வந்துவிடும். அடியில் பிளாஸ்டிக் தாள் போட மறந்தால் மேசையோடு சேர்த்துத்தான் பறக்கவிட வேண்டியிருக்கும்.

இறக்கைக்கு மேல்புற வளைவு வேண்டாமா என்று கேட்பார்கள். பெரிய விமானத்தின் இறக்கை தடிமனாக, மேலே புடைத்திருக்கும் என்பது உண்மை. நம்முடைய இறக்கை 6 செ.மீ. அகலத்தில் நொடிக்கு 6 மீட்டர் வேகத்தில் போவது. ஒரு தட்டானுக்கு அருகில் நிற்கிற உலகம் அது. அங்கே மெல்லிய தட்டையான தகடே நன்றாக வேலை செய்யும், தடித்த இறக்கைதான் தடுமாறும். முன்விளிம்பை மட்டும் உப்புத்தாளால் உருட்டுங்கள். வாலை இரண்டு பக்கமும் தேய்த்து 2 மி.மீ.யிலிருந்து ஒன்றரைக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். பிள்ளைகளுக்குத் தேய்க்கப் பிடிக்கும். தேய்க்கிற தூசி முழுவதும் வால் எடையிலிருந்து போவதுதான்.

வாலின் எடைமேல் ஏன் இவ்வளவு கவலை? விமானத்தின் எடைமையம் இறக்கையின் முன்விளிம்பிலிருந்து மூன்றில் ஒரு பங்கில், அதாவது 2 செ.மீ. பின்னால் இருக்க வேண்டும். மூக்கிலிருந்து இறக்கை முன்விளிம்பு 7 செ.மீ. என்றால், இந்த இடம் மூக்கிலிருந்து 9 செ.மீ. அங்கிருந்து வாலின் நடு 19 செ.மீ. தள்ளி இருக்கிறது. மூக்கில் வைக்கும் எடையோ 8 செ.மீ. தூரத்தில்தான். ஆக வாலில் 1 கிராம் கூடினால் அதைச் சமன்செய்ய மூக்கில் இரண்டரை கிராம் வைக்க வேண்டும். வாலில் ஒரு சொட்டுப் பசை சிந்தினால் மூக்குக்கும் சேர்த்துத் தண்டம்.

மூக்கெடை இந்த வடிவத்துக்கு 7 கிராமிலிருந்து 8 கிராமுக்குள் வரும். முதலில் நான் பித்தளை நிறத்தில் வருகிற ஐந்து ரூபாய் நாணயத்தை வைத்தேன். அதன் எடை 6 கிராம் அளவுக்கு வரும். மீதிக்குக் கொஞ்சம் களிமண். தராசே தேவையில்லை என்று எனக்குள் ஒரே பெருமை. வியாசர்பாடியில் ஒரு பட்டறை. முதல் ஞாயிறு எல்லா விமானங்களும் பறந்தன. அடுத்த ஞாயிறு கொண்டுவரச் சொன்னேன். எறிந்தால் பாதிக்குமேல் முகத்தைத் தூக்கி, ஒரு கணம் நின்று, தொப்பென்று வாலில் விழுந்தன. எடுத்துப் பார்த்தால் மூக்கில் களிமண் மட்டும், நடுவில் வட்டமாக ஒரு பள்ளம். “காசு எங்கே?” என்று கேட்டதற்கு ஒருவன்தான் வாய் திறந்தான்: “தாத்தா, ஐஸ் வாங்கிவிட்டேன்.” திட்ட மனம் வரவில்லை. காசு கையில் கிடைத்தால் ஐஸ் வாங்குவது அந்த வயதின் இலக்கணம். அதையும் வடிவத்தில் கணக்குப் போடாமல் விட்டது நான். இப்போது அழிப்பானை எடைபோட்டு நறுக்கி, நடுவில் ஓட்டை போட்டு, குச்சியின் முனையில் செருகிப் பசை வைக்கிறேன். எடைக்கு எடையும் ஆயிற்று, யார் முகத்தில் பட்டாலும் குத்தாத மெத்தையும் ஆயிற்று. இன்று யோசித்தால் நாணயத்தைவிட இதுதான் சரி. கூரான முனையோடு எந்த விமானத்தையும் பிள்ளை கையில் கொடுக்கக் கூடாது.

எல்லாம் சேர்ந்து விமானம் 20 கிராமைச் சற்றுத் தாண்டும். 25 கிராமுக்கு மேல் போனால் பசையைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

பசை என்றதும் எல்லோரும் உடனே ஒட்டுகிற வகையைத்தான் எடுப்பார்கள். பிள்ளைகள் கையில் அது வேண்டவே வேண்டாம். நம் ஊர்க் காற்றின் ஈரத்துக்கு அது இன்னும் வேகமாக இறுகும். விரலோடு விரல் ஒட்டிக்கொண்டால் பட்டறை அத்தோடு நின்றுவிடும். பஞ்சிலோ பருத்தித் துணியிலோ அது கொட்டினால் சூடேறிப் புகைகூட வரும். அதனால் துடைக்கத் துணியை எடுக்காதீர்கள். உடைந்ததை ஒட்ட உங்கள் பையில் ஒன்று இருக்கட்டும், போதும். மற்றதெல்லாம் ஃபெவிகால். அதைப் புட்டியோடு கொடுக்காமல், ஒரு மூடியில் ஊற்றி ஈர்க்குச்சியோடு கொடுங்கள். ஈர்க்குச்சியில் எடுக்க முடிகிற அளவுதான் அந்த இணைப்புக்குத் தேவையான அளவு. நாற்பது முறை “கொஞ்சமாகப் பூசு” என்று சொல்வதைவிட இது மேல். ஒன்று ஞாபகம் இருக்கட்டும்: ஃபெவிகாலில் தண்ணீர் இருக்கிறது, மெல்லிய பால்சாவில் ஒரு பக்கம் மட்டும் பரவலாகப் பூசினால் தகடு சுருண்டுகொள்ளும். வாட்டர் கலரும் அப்படித்தான். அலங்காரத்துக்கு ஸ்கெட்ச் பேனா மட்டும்.

ஃபெவிகால் கையாளும் அளவுக்கு இறுக அரை மணி நேரமாவது ஆகும். உங்கள் இரண்டரை மணி நேரத்தை இதை வைத்துத்தான் பிரிக்க வேண்டும். முதல் அரை மணி தேய்ப்பது. அடுத்த இருபது நிமிடம் இறக்கை, வால், சேணம் மூன்றையும் ஒரே மூச்சில் ஒட்டிவிட்டுக் கையைக் கட்டிக்கொள்வது. காயும் நேரம்தான் கதைக்கு. 1804-இல் இங்கிலாந்தில் ஜார்ஜ் கேலி செய்த விமான மாதிரியைச் சொல்லுங்கள். அவர் ஒரு நீளக் கம்பின்மேல் ஒரு காத்தாடியை (பட்டத்தை) சற்றுச் சாய்த்து வைத்தார், பின்னால் சிலுவைபோல ஒரு வால், முன்னால் நகர்த்தக்கூடிய ஓர் எடை. அது நம்முடைய விமானமேதான், பால்சா மட்டும் இல்லை. 1871-இல் பாரிஸில் அல்போன்ஸ் பெனோ என்ற இளைஞர் ரப்பர் முறுக்கில் ஓடும் 16 கிராம் மாதிரியை 11 நொடி பறக்கவிட்டார். இறக்கைக்கும் வாலுக்கும் இடையே கோண வேறுபாடு வைத்தால் விமானம் தானே சமனாகும் என்பதை அது கண்ணெதிரே காட்டியது. நம் ஊர்க் கதையும் ஒன்று உண்டு: மவுன்ட் ரோட்டில் ஓட்டல் நடத்திய டி ஏஞ்சலிஸ் என்பவர் 1910-இல் சிம்சன் நிறுவனத்தின் பட்டறையில் விமானம் செய்யவைத்துச் சென்னையில் பறந்தார். ஓட்டல்காரர் என்று கேட்டதும் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

வடசென்னைப் பிள்ளைக்கு எடைமையத்தையும் கோணத்தையும் விளக்கப் பலகையில் படம் போட வேண்டியதில்லை. காத்தாடிக்குச் சூத்திரம், அதாவது நூல் மாட்டும் கட்டு, போடத் தெரிந்த பிள்ளை ஒன்றாவது கூட்டத்தில் இருக்கும். சூத்திரத்தின் முடிச்சைக் கொஞ்சம் மேலே ஏற்றினால் என்ன ஆகும், கீழே இறக்கினால் என்ன ஆகும் என்று அந்தப் பிள்ளையையே சொல்லச் சொல்லுங்கள். பிறகு “இங்கே முடிச்சுக்குப் பதில் இறக்கையை நகர்த்துகிறோம்” என்றால் போதும். விமானம் முகத்தைத் தூக்கி நின்று விழுந்தால் இறக்கையைப் பின்னால் தள்ளு. நேராகத் தரையில் குத்தினால் முன்னால் தள்ளு. ஒரு முறைக்கு அரை நூல், அதற்கு மேல் கூடாது. இந்த இரண்டு வாக்கியங்களையும் அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்.

எறிவதைப் பற்றி. ஓங்கி, வானத்தைப் பார்த்து எறிவார்கள். விமானம் ஒரு வளையம் போட்டு எறிந்தவர் காலடியிலேயே விழும். கேரம் விளையாடுகிற பிள்ளைகளிடம், “எதிர்ப் பலகைக்கு அடிக்கிறமாதிரி இல்லை, குழி வாயில் நிற்கிற காயைத் தொட்டு விழவைக்கிற அடி” என்பேன். சட்டென்று கை மாறும். தோள் உயரத்தில் பிடித்து, மூக்கு ஒரு துளி கீழே பார்க்க, வேகமாக ஓடுகிற அளவு வேகத்தில் தள்ளிவிட வேண்டும். காற்றுக்கு எதிர்முகமாக.

அந்தக் காற்றுதான் வடசென்னையில் பெரிய வில்லன். கோடையில் முற்பகல் முடிவதற்குள்ளேயே கடற்காற்று கிளம்பிவிடும். 20 கிராம் விமானத்தை அது தூக்கிக்கொண்டு போய் யார் வீட்டு மாடியிலாவது போடும். மாலை நான்கு மணிக்குப் பட்டறை வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். காலைக்கு மாற்றுங்கள். ஆறரைக்குத் தொடங்கினால் ஒன்பது மணிக்குள் பறந்து முடித்துவிடலாம். முடியாது என்றால் ஏதாவது ஒரு பள்ளிக் கூடத்தின் உள்ளரங்கைக் கேளுங்கள். 15 மீட்டர் நீளம் போதும். மொட்டை மாடி கூடவே கூடாது. விமானத்தைப் பார்த்துக்கொண்டே பின்னால் நடக்கிற பிள்ளைக்குக் கைப்பிடிச் சுவர் தெரியாது. ரயில் பாதைக்கு அருகிலும் வேண்டாம். மேல்கம்பியில் ஓடுவது 25,000 வோல்ட். கம்பியில் மாட்டிய விமானத்தை எடுக்கக் குச்சியோடு ஒரு பிள்ளை போவதை ஒரு முறை பார்த்து என் ரத்தம் உறைந்தது. அன்றிலிருந்து “மாட்டினால் அது போயிற்று, புதிதாய் ஒன்று தருவேன்” என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். உதிரி இருப்பது அதற்கும்தான்.

பறக்கும்போது ஒரே பக்கமாகச் சுற்றினால் மூன்றில் ஒன்றுதான் காரணம்: இறக்கை முறுக்கிக்கொண்டிருக்கும், நிமிர்வால் கோணலாக இருக்கும், அல்லது ஒரு பக்கம் கனமாக இருக்கும். காசிமேட்டில் ஒரு பெண் பிள்ளை, பன்னிரண்டு வயது இருக்கும். அவளுடைய விமானம் ஒவ்வொரு முறையும் இடப்பக்கம் சுழன்று விழுந்தது. நான் எழுந்து போவதற்குள் அவளே விமானத்தைத் திருப்பி, வால் பக்கமாக ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள். இறக்கையின் இடது பாதியில் பின்விளிம்பு மேல்நோக்கித் திருகியிருக்கிறது என்று சொன்னாள். எப்படித் தெரிந்தது என்றேன். படகு கட்டும் இடத்தில் அப்பா இப்படித்தான் பலகையைப் பார்ப்பார் என்றாள். திருகிய பாதிமேல் வாயால் வெந்நீர் ஆவிபோல ஊதி, எதிர்ப்பக்கம் மெல்ல முறுக்கி, அரை நிமிடம் பிடித்திருக்கச் சொன்னேன். பால்சா அதற்குப் பணியும். அடுத்த முறை விமானம் நேராகப் போய் எதிர்ச் சுவரில் மோதி, இறக்கை நழுவி, கைதட்டலோடு விழுந்தது.

இன்னொருவன் கதை வேறு. இடது இறக்கையில் தனக்குப் பிடித்த நடிகரின் ஸ்டிக்கரை ஒட்டியிருந்தான், தடிமனான பளபளப்புத் தாள். விமானமும் இடப்பக்கமே சாய்ந்தது. எடுக்கச் சொன்னால் எடுப்பானா? வலது இறக்கையிலும் அதே ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டினோம்.

பால்சா கிடைக்கவில்லை, அல்லது பணம் போதவில்லை என்றால் ஒரு மாற்று. ஆண்டர்சன் தெருவில் சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள அட்டை கேளுங்கள். அதில் வெட்டிய இறக்கை 5.4 கிராம் வரும், பால்சா இறக்கைக்குக் கிட்டத்தட்ட அதே எடை. குச்சி, சேணம், அழிப்பான் எதையும் மாற்ற வேண்டாம். ஈரக் காற்றில் ஒரு வாரத்தில் தொய்ந்துவிடும் என்பது உண்மைதான், ஆனால் அன்று காலைக்குப் பறக்கும். உங்கள் ஒத்திகையை அட்டையிலேயே செய்து பாருங்கள்; பட்டறைக்கு ஒரு வாரம் முன்பு, நீங்களும் உதவிக்கு வருகிறவர்களும் ஆளுக்கொன்று. ஐந்து பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர் என்ற கணக்கில் ஐந்து பேர் வேண்டும். கத்தி அந்த ஐந்து பேரிடம் மட்டும்.

வெட்டு அளவுகளை முழு அளவுப் படமாக வரைந்து அனுப்புகிறேன். அச்சிடும் கடையில் “தாளுக்குப் பொருந்தும்படி” என்பதைத் தேர்ந்து சுருக்கிவிடுவார்கள். இதுவும் எல்லா முறையும் நடக்கும், அதனால் படத்தின் மூலையில் 10 செ.மீ. கோடு ஒன்று போட்டிருக்கிறேன். கடையைவிட்டு வெளியே வருவதற்கு முன் ஸ்கேலை வைத்து அளந்துபாருங்கள். 10 இல்லையென்றால் அந்தத் தாளை வடை வைக்க வைத்துக்கொண்டு, இன்னொன்று எடுக்கச் சொல்லுங்கள்.